மானமுள்ள முழங்கால்

மருமோன், நீ எடுத்த முடிவு சரி. வலது குறைஞ்ச ஆக்கள் கார் விடக் குடுக்கிற அந்தப் புளூ பட்ஜுக்கு நீ விண்ணப்பிக்கவே கூடாது. உன்ரை தகுதி என்ன, தராதரம் என்ன! அறுபத்தொரு வயசிலை, முழங்காலிலை சவ்வு தேஞ்சு எலும்போடை எலும்பு உரசிற நேரத்திலையும், நெஞ்சை நிமித்திக்கொண்டு ஹரோ ரவுணுக்குள்ளை நடக்கிறாய் பார், அதுதான் எங்கடை குடும்ப மானம். கொப்பரும் அப்பிடித்தான். வெங்காயத் தறையிலை வழுக்கி விழுந்து கால் முறிஞ்சு கிடக்கேக்கை, வேலிக்கு அங்காலை நிண்டு "என்ன அண்ணை?" எண்டு கேட்டவனுக்கு, "சும்மா, நிழலுக்குப் படுத்திருக்கிறன்" எண்டு மறுமொழி சொன்ன மனுசன். வெங்காயத் தறையிலை எங்கையடாப்பா நிழல்?

ஆனபடியா நான் சொல்லப்போறதை நீ கேக்க வேண்டாம். உன்ரை மனுசி கேக்கட்டும். பிள்ளை, நீ கிட்ட வந்து இரு. இவன் ரிவியைப் பாக்கட்டும். காது இஞ்சாலைதான் நிக்கும், எனக்குத் தெரியும்.

இந்தப் பட்ஜை இவன் பிச்சைச் சம்பளம் எண்டு நினைக்கிறான். அது எப்பிடி வந்ததெண்டு என்ரை பேத்தி வாசிச்சுச் சொன்னவள். மான்செஸ்டர் பக்கத்து எம்பி ஒராள், அல்ஃப் மொறிஸ் எண்டு பேர். தேப்பன் முதலாம் உலக யுத்தத்திலை காயப்பட்டு வந்தவர். அந்த வீட்டிலை வளந்த பெடியன் பிறகு பாராளுமன்றத்துக்குப் போய், 1970 இலை வலது குறைஞ்ச ஆக்களுக்கெண்டு ஒரு சட்டத்தைத் தனியாளாக் கொண்டுவந்து நிறைவேற்றுவிச்சார். அடுத்த வரியமே பட்ஜ் வந்திட்டுது. அப்ப அது செம்மஞ்சள். 2000 இலைதான் ஐரோப்பாவிலை எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கட்டும் எண்டு நீலமாக்கினவை. யுத்தத்திலை அடிபட்ட தேப்பனைப் பாத்து வளந்தவன் செய்த வேலை, பிள்ளை. அதை வாங்கிறதுக்கு எங்கடை ஆக்களுக்கு வெக்கமாம்! ஈஸ்ட்ஹாமிலை கடை வச்சிருக்கிற ஒராள், ஷெல் துண்டு இன்னும் இடுப்பிலை இருக்கு, கல்லாவிலையிருந்து எழும்ப மேசையைப் பிடிக்கோணும். அவரும் விண்ணப்பிக்கேல்லை. கேட்டா, "என்னிலும் பாவப்பட்டதுகள் இருக்குதுகள் அண்ணை" எண்டுறார். இருக்குதுகள்தான். ஆனா கவுன்சில் என்ன, ஊருக்கு இத்தினை பட்ஜ் எண்டு கூப்பனுக்கே குடுக்குது? நீ வாங்கினா இன்னொருத்தன்ரை குறைஞ்சு போகுமோ?

வெக்கப்படவேண்டிய ஆக்கள் வேறை இருக்கினம். அவைக்கு அது மருந்துக்கும் இல்லை. போன முறை தேருக்குப் போனனாங்களெல்லோ? கோயில் றோட்டிலை மஞ்சள் கோட்டிலை காரை விட்டிட்டு, டாஷ்போட்டிலை பட்ஜை வச்சிட்டு, ஒருத்தன் இறங்கினான். இறங்கினவன் காவடியைத் தோளிலை வச்சு ஒரு மணித்தியாலம் ஆடினான். நான் முதலிலை ஒண்டும் பேசேல்லை. ஏனெண்டா சில வருத்தம் வெளியாலை தெரியாது. 2019 ஓகஸ்ட் 30 இலையிருந்து இங்கிலாந்திலை அப்பிடியான வருத்தங்களுக்கும் பட்ஜ் எடுக்கலாம். ஆள் இறங்கி நடக்கிற வடிவைப் பாத்துக் கள்ளன் எண்டு சொல்லக்கூடாது. ஆனா இவனை எனக்குத் தெரியும். பட்ஜ் இவன்ரை மாமியின்ரை. அந்த மனுசியின்ரை செத்தவீட்டுக்கு நானும் போனனான். பட்ஜை வைக்கேக்கை ஆளின்ரை படம் கீழ்ப்பக்கமும் சக்கர நாற்காலிப் படம் மேல்ப்பக்கமுமாத்தான் வைக்கிறது, அதுதான் துணிவு. செத்த ஆளின்ரை பட்ஜைக் கவுன்சிலுக்குத் திருப்பிக் குடுக்கோணும் எண்டு ஆரும் சொல்லேல்லையாம். நகையைப் பங்கு பிரிச்ச நேரம் பட்ஜும் பங்குக்கு வந்ததோ என்னவோ!

பிடிபட்டா என்ன நடக்கும் தெரியுமோ? 1,000 பவுண் வரைக்கும் குற்றம் கட்டோணும். பார்க்கிங் ரிக்கற்றுக் காசு அதுக்கு வேறை. அது கோட்டுக்குப் போற அலுவல், குற்றப் பதிவும் வரும். 2013 இலை வந்த சட்டத்தாலை, கவுன்சில் ஆள் அந்த இடத்திலையே பட்ஜைப் பறிக்கலாம்.

சரி, அவன்ரை கதை கிடக்கட்டும். இவன்ரை கதைக்கு வருவம். பிள்ளை, உன்ரை மனுசனுக்குக் கொஞ்ச நாளா என்னிலை பாசம் பொங்கி வழியுது, கவனிச்சனியோ? முந்தி வரியத்திலை ஒருக்கா, தீபாவளிக்கு, அதுவும் ஃபோனிலை. இப்ப கிழமைக்கு ரெண்டு தரம் கார் வாசலிலை நிக்குது. "மாமா, சும்மாதானே இருக்கிறியள், ஒரு ரவுண்ட் போட்டிட்டு வருவம்." நானும் முதலிலை கண் கலங்கிப்போனன். கொக்குவிலிலை இருக்கிற என்ரை தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, "உன்ரை மோன் தங்கம்" எண்டு சொன்னன். பேந்துதான் பாக்கிறன், எந்தக் கடைக்குப் போனாலும் வாசலடியிலை நிக்கிற நீலக் கட்டத்துக்குள்ளைதான் கார் நிக்குது. "மாமா, நீங்கள் இருங்கோ, நான் ஓடிப்போட்டு ஓடி வாறன்." ஓடிப்போறானாம், அந்தக் காலோடை! நான் காருக்குள்ளை இருந்து கண்ணாடியாலை பாக்கிறன். கார் முன்னுக்குக் கட்டித் தொங்கவிட்ட தேசிக்காயும் செத்தல் மிளகாயும் மாதிரி என்னைக் கொண்டுதிரியிறான், ரிக்கற் எண்ட கண்ணூறு படாமலிருக்க.

உதுவும் சட்டப்படி பிழை, மருமோன். ரிவி சத்தத்தைக் கொஞ்சம் குறை. பட்ஜ் காருக்கு இல்லை, ஆளுக்கு. நான் உன்ரை காரிலையும் போகலாம், மினிக்கப்பிலையும் போகலாம்; பட்ஜ் என்னோடை வரும். ஆனா நான் காரிலை குந்தியிருக்க, காலுள்ளவன் இறங்கிப்போய் அலுவல் பாக்கிறதுக்கு அது இல்லை. இறங்கவேண்டியவன் நான். என்னை நீ ஒரு நாளும் இறக்கேல்லை.

இதிலை பகிடி என்னெண்டா, எங்கள் ரெண்டு பேரிலையும் நடக்கேலாதவன் நீ. நான் பொல்லூண்டி நடந்தாலும் ஆறுதலாப் போய்ச் சேந்திடுவன். நீ கடை வாசலிலை தூணைப் பிடிச்சுக்கொண்டு, "மாமாவின்ரை பட்ஜ் இருக்கிறபடியா வசதி" எண்டு மூச்சு வாங்கிறாய்.

அதாலை பிள்ளை, நீதான் இந்த ஃபோமை நிரப்போணும். இவன்ரை கையிலை குடுத்தா நாலு வரியிலை நாலு பொய் எழுதுவான், நாலும் தன்னை உசத்தி. எங்கடை ஆக்கள் வருமான வரிக்காரனுக்கு இல்லாத கஷ்டமெல்லாம் சொல்லுவினம். முழங்காலைப் பற்றிக் கேட்டா மட்டும் ஒலிம்பிக்காரர்.

முதல் விசயம், அவை கேக்கிறது வருத்தத்தின்ரை பேரை இல்லை, நடையை. "ஆதரைற்றிஸ்" எண்டு ஒரு சொல்லை எழுதிப்போட்டு இருந்தா, வாசிக்கிற பெட்டைக்கு என்ன விளங்கும்? இந்த நாட்டிலை ஆதரைற்றிஸோடை கொல்ஃப் விளையாடுறவனும் இருக்கிறான். எவ்வளவு தூரத்திலை நிக்கிறார், ஏன் நிக்கிறார், நோவோ மூச்சோ, எவ்வளவு நேரம் நிண்டு பேந்து வெளிக்கிடுறார், வெளிக்கிட்டா எவ்வளவு தூரம், பொல்லு பிடிக்கிறாரோ, ஆரின்ரையும் கையைப் பிடிக்கிறாரோ, விழுந்தவரோ. உதுதான் அவைக்கு வேணும்.

நாளைக்கு இவனைக் கூட்டிக்கொண்டு வாசலிலையிருந்து நட. ஒண்டும் சொல்லாதை. எந்த வீட்டுக் கேற்றடியிலை இவன் குனிஞ்சு சப்பாத்துக் கயிறு கட்டுறான் எண்டு பார். இவன் போடுறது கயிறில்லாத சப்பாத்து, அதையும் பார். அந்தக் கேற்றடி மட்டும் எத்தினை மீற்றர் எண்டு பிள்ளையளைக் கொண்டு ஃபோனிலை அளந்து எழுது. பேந்து அடுத்த இடம். அங்கை இவன் பூமரம் பாப்பான். பிறந்த நாளையிலையிருந்து ஒரு பூவைத் திரும்பிப் பாக்காதவன், இப்ப ஆற்றையோ முத்தத்திலை றோசாவுக்கு முன்னாலை நிண்டு, "என்ன வடிவு!" எண்டு மூண்டு நிமிசம் ரசிப்பான். அந்த மூண்டு நிமிசத்தையும் எழுது.

இவன் என்ன செய்வான் எண்டா, ஒரு நல்ல வெயில் நாளாப் பாத்து, ரெண்டு பரசிற்றமோலைப் போட்டு, அந்தக் காலை வச்சு ஃபோமை நிரப்புவான். கிழமையிலை எத்தினை நாள் நல்ல நாள், எத்தினை நாள் படியிலை இருந்து இறங்கிறது, ரெண்டையும் எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கடை ஆளுக்குக் குறைக்கிறதுதான் வியாதி.

பிப் (PIP) எண்டு வலது குறைஞ்ச ஆக்களுக்குக் குடுக்கிற காசு எடுக்கிறவைக்கு வழி லேசு. அதிலை நடந்து திரியிறதைப் பாக்கிற பகுதியிலை (மூவிங் அரவுண்ட்) 8 புள்ளியோ அதுக்கு மேலையோ கிடைச்சா, பட்ஜுக்குத் தகுதி வந்திட்டுது. விண்ணப்பம் மட்டும் போட்டாக் காணும். 50 மீற்றருக்கு மேலை நடக்கேலாது எண்டதுதான் அந்த 8. 20 மீற்றருக்கு மேலை ஏலாது எண்டா 12. இவன் பிப்புக்கும் போடேல்லை. ஏன் போடேல்லை எண்டு கேட்டா, "நான் வேலை செய்யிறன் மாமா." வேலை செய்யிறவனும் எடுக்கலாமடா மோனை, அது வேலையில்லாக் காசில்லை. பென்சன் வயசு வந்தாப் பிறகு புதுசாப் போட விடமாட்டினம், அதை நினைவிலை வச்சிரு. எனக்கு வாறது பென்சன் வயசுக்காரருக்குக் குடுக்கிற அற்றெண்டன்ஸ் அலவன்ஸ். அதிலை நடைக்கெண்டு ஒரு பங்கும் இல்லை. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் "இந்தா, எனக்கு பெனிஃபிட் வருது, பட்ஜைத் தா" எண்டா, கவுன்சிலிலை சிரிச்சுக்கொண்டு இருக்கச் சொல்லுவினம். அப்பிடியான கிழடுகள் நடையைக் காட்டித்தான் எடுக்கோணும்.

ஊரிலை எண்டா டொக்டரிட்டை ஒரு துண்டு வாங்கினா அலுவல் முடிஞ்சுது. இஞ்சை ஜீபியின்ரை கையெழுத்தை மட்டும் நம்பி ஒண்டும் நடக்காது. ஆஸ்பத்திரிக் கடிதம், எக்ஸ்றே முடிவு, குடிக்கிற மருந்தின்ரை லிஸ்ட், ஃபிசியோவின்ரை குறிப்பு, கிடக்கிறதெல்லாத்தையும் சேர்த்துக் குடு. வருத்தமும் மூண்டு வரியத்துக்கெண்டாலும் நிண்டுபிடிக்கிற வருத்தமா இருக்கோணும். பனியிலை வழுக்கி விழுந்து பிளாஸ்ரர் போட்ட காலுக்கு இது இல்லை. இவன்ரை முழங்கால் அதிலை பாஸ்.

தேவையெண்டா கூப்பிட்டு நடக்கவிட்டுப் பாப்பினம். அங்கைதான் எங்கடை ஆக்கள் கவிழுறது. என்ரை சம்பந்தி போனவர். எப்பிடிப் போனவர்? கலியாண வீட்டுக் கோட்டு, கழுத்திலை ரை, மினுக்கின சப்பாத்து, பொல்லைக் காருக்குள்ளை விட்டிட்டார். நடையைப் பாக்கிற பெட்டை வந்து "ஹவ் ஆர் யூ?" எண்டு கேக்க, மனுசன் நெஞ்சை நிமித்தி "வெரி வெல், தாங்க் யூ!" கதிரையைப் பிடியாமல் எழும்பினவராம். போதாததுக்கு அந்தப் பெட்டைக்குக் கதவையும் திறந்து பிடிச்சவராம், மரியாதை தெரிஞ்ச மனுசன் எண்டு. வீட்டை வந்து ரெண்டு நாள் படுக்கை. பிறகு கடிதம் வந்தது, "உங்களுக்குத் தகுதி இல்லை" எண்டு. அதுக்கும் மனுசன் அரைவாசி சந்தோசப்பட்டவர், பாத்துக்கொள். மனுசிதான் பேசிப் பேசி, விட்டதெல்லாத்தையும் எழுதி, திருப்பிப் பாக்கச் சொல்லிக் கேட்டு எடுத்தவ. அப்பிடிக் கேக்கலாம்.

அதுக்காக அங்கை போய்க் கூத்தும் ஆடவேண்டாம். நொண்டுற ஆக்களைப் பாக்கிறதுதான் அவையின்ரை தொழில். நோகிற காலுக்கு எதிர்ப்பக்கத்துக் கையிலைதான் பொல்லுப் பிடிக்கிறது. நாடகம் போடுறவன் நோகிற பக்கத்திலையே பிடிச்சுக்கொண்டு வருவான், சினிமாவிலை பாத்த பழக்கம். நீ எந்தக் காலாலை நடக்கிறியோ அந்தக் காலாலையே நட. நோகுது எண்டா நோகுது எண்டு சொல்லு. நிக்கோணும் எண்டா நில். றோசாப்பூ அங்கை இராது, அதாலை சாட்டும் தேவையில்லை.

மற்றச் சாமானெல்லாம் லேசு. தலையும் தோளும் தெரியிற ஒரு புதுப் படம், ஆளை அடையாளம் காட்ட ஒண்டு, விலாசத்துக்கு ஒண்டு, நாஷனல் இன்சூரன்ஸ் நம்பர். படத்துக்கு மீசைக்கு மை பூசவேண்டாம் எண்டு சொல்லு. இங்கிலாந்திலை 10 பவுணுக்கு மேலை எடுக்கமாட்டினம். வேல்ஸிலை சும்மா. அரசாங்கத்தின்ரை பக்கத்தாலை மட்டும் போ. கூகிளிலை முதல் வாற எல்லாம் கவுன்சில் இல்லை, இந்தப் பத்துப் பவுண் அலுவலுக்கு ஐம்பது கேக்கிறவங்களும் உலாவுறாங்கள். 12 கிழமை வரைக்கும் இழுபடலாம். கிடைச்சா 3 வரியம் வரைக்கும். முடிஞ்சா தானாப் புதுப்பிக்காது, நாளைக் குறிச்சு வை.

கிடைச்சாப் பிறகு றோட்டெல்லாம் சீதனம் எண்டு நினைக்கப்போடாது. பட்ஜோடை ஒரு நீல மணிக்கூடும் வரும், மட்டையிலை செய்தது. மஞ்சள் கோட்டிலை விட்டா, வந்த நேரத்தைத் திருப்பி வச்சிட்டுப் போகோணும். 3 மணித்தியாலம் நிக்கலாம். நான் பாத்திருக்கிறன், விசரன் ஒருத்தன் அதை அலாரம் மணிக்கூடு எண்டு நினைச்சு, போகப்போற நேரத்தை வச்சிட்டுப் போட்டான். கோடு இருந்தாக் காணாது, மருமோன், குனிஞ்சு றோட்டோரக் கேர்ப் கல்லையும் பார். அதிலை மஞ்சள் கீறு குறுக்கை அடிச்சிருந்தா, சாமான் ஏத்தி இறக்கக்கூடாத இடம், பட்ஜும் செல்லாது. குனியேலாது எண்டா மனுசியைப் பாக்கச் சொல்லு. லண்டன் நடுவுக்கை, சிற்றி, வெஸ்ற்மின்ஸ்டர், கென்சிங்டன் அண்ட் செல்சி, கம்டனிலை ஒரு துண்டு, உதுகளுக்கு வேறை சட்டம். அங்கை போர்டை வடிவா வாசி. கடைக்காரனின்ரை, ஆஸ்பத்திரியின்ரை காணி எண்டா அவன் வச்சதுதான் முறை, காசும் கேக்கலாம். லண்டன் நடுவுக்குள்ளை கார் ஓட்டக் கட்டுற கொஞ்செஸ்ஷன் சார்ஜ் கட்டாமல் போகலாம், ஆனா முதலே லண்டன் போக்குவரத்துக்காரரிட்டை (ரிஎஃப்எல்) 10 பவுண் கட்டிப் பதியோணும். பதியாமல் போய், காமராவுக்குப் பட்ஜைத் தூக்கிக் காட்டினவையும் எங்கடை சனத்திலை இருக்கினம்.

வீட்டை வந்தா பட்ஜை எடுத்துக்கொண்டு உள்ளை போ. கண்ணாடியை உடைச்சு அதை மட்டும் களவெடுத்துக்கொண்டு போற கள்ளர் இருக்கிறாங்கள். உனக்கு வெக்கம் தாற சாமானுக்கு அவங்கள் காரை உடைக்கிறாங்கள், யோசிச்சுப் பார்.

என்ன, ரிவியை நிப்பாட்டிப்போட்டாய்? படம் முடிஞ்சுதோ?

பத்துப் பவுணை நான் தாறன், அதுக்கும் மானம் பாக்காதை. வட்டி இல்லை. வட்டிக்குப் பதிலா ஒண்டு செய். சனிக்கிழமை ஈஸ்ட்ஹாமுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ, என்ரை பட்ஜிலை, சட்டப்படி. ஆனா இந்த முறை நான் இறங்குவன், நீ காருக்குள்ளை இரு. விளைமீன் ஆய்ஞ்செடுக்க உனக்குத் தெரியாது; போன முறை நீ வாங்கிவந்ததின்ரை கண்ணைப் பாத்தனான், அது உன்ரை முழங்காலிலும் பழசு.